விரல் பிழையா, கம்பிப் பிழையா? ராக் கிட்டார் ரிஃப் கற்றல் குறித்த சிற்றாய்வு

பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே கேட்பவர் தலையை ஆட்டவைத்துவிடும் சிறு கிட்டார் வரிக்கு ‘ரிஃப்’ என்று பெயர். அளவில் சிறியது, பாட்டு நெடுகத் திரும்பத் திரும்ப வருவது. கிட்டார் வாங்கியவர் முதல் வாரத்திலேயே இதில் கைவைத்து அடுத்த வீட்டாரின் பகையைச் சம்பாதிப்பார். இத்துறையில் நடக்கும் விவாதங்கள் பெரும்பாலும் விரலைப் பற்றியவை. சுண்டுவிரல் எட்டவில்லை, மோதிரவிரல் சொன்னபடி கேட்கவில்லை, நுனியில் காய்ப்பு ஏறவில்லை என்று புலம்பல் நீளும். கம்பியைப் பற்றிய விசாரணை போதாது என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். விரல் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது. உண்மைக் குற்றவாளியோ கிட்டாரின் தலையில், ட்யூனிங் கீயில் சுற்றிக்கொண்டு சுகமாக இருக்கிறது.

முதலில் மரபைச் சொல்லிவிட வேண்டும். தடித்த கம்பியில் தொடங்கி மெல்லியது வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ என்று சுருதி சேர்ப்பது ஸ்டாண்டர்ட் ட்யூனிங். ஒரு கம்பியின் ஐந்தாம் ஃப்ரெட்டில், அதாவது கழுத்தின் குறுக்கே பதித்த ஐந்தாம் மெட்டில், எந்தச் சுரம் பிறக்கிறதோ, அதுவே அடுத்த கம்பியை வெறுமனே மீட்டினால் வரும். ஜி-யிலிருந்து பி-க்குப் போகும்போது மட்டும் இந்த விதி நான்காம் ஃப்ரெட்டுக்குச் சறுக்குகிறது. புறனடை இல்லாத இலக்கணம் ஏது? இந்தச் சறுக்கல் இல்லையென்றால் கடைசி இரண்டு கம்பிகளும் அரைச் சுரம் ஏறி சி, எஃப் என்று நிற்கும். அடியில் ஈ, உச்சியில் எஃப் என்று இரண்டும் மோதிக்கொள்ள, ஒரே விரலைக் குறுக்கே படுக்கவைத்துப் பிடிக்கும் பார் கார்டுகள் பெரும் தொல்லையாகியிருக்கும். விதிவிலக்கைப் புகுத்தியவர் யாராயினும் விரலின்மேல் இரக்கமுள்ளவர்.

இம்மரபின் மூலபாடம் டீப் பர்ப்பிள் குழுவின் ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ என்பதில் அறிஞர்களிடையே பூசல் இல்லை. 1971 டிசம்பர் 4 அன்று, சுவிட்சர்லாந்தின் மோந்த்ரோ நகரில் ஃபிராங்க் ஸப்பாவின் கச்சேரி நடக்கையில், கூட்டத்திலிருந்து யாரோ ஃப்ளேர் துப்பாக்கியை வெடிக்க, கேஸினோ எரிந்து சாம்பலானது. அதே கேஸினோவில் ஆல்பம் பதிவுசெய்யலாம் என்று வந்திருந்த டீப் பர்ப்பிள் குழுவினர் ஏரியின்மேல் புகை படர்வதைப் பார்த்தார்கள். பிறகு ஒரு ஹோட்டலின் நடைவழிகளில் கருவிகளைப் பரப்பி, ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நடமாடும் ஸ்டூடியோவை வைத்துப் பெரும்பகுதியைப் பதிவுசெய்து, 1972-இல் ‘மெஷின் ஹெட்’ என்று வெளியிட்டார்கள்.

மூலபாடம் என்று ஒன்று இருந்தால் பாடபேதமும் இருக்கும். தடித்த ஈ கம்பியில் ஒற்றைச் சுரமாக உருட்டுவது நாட்டார் பாடம். உலகெங்கும் கிட்டார் கடைகளில் ஒலிப்பது இதுதான். டீப் பர்ப்பிளின் கிட்டார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரின் பாடம் வேறு. அவர் டி, ஜி என்ற இரு கம்பிகளைச் சேர்த்து வாசிக்கிறார், அதுவும் மீட்டும் வில்லையான பிக் இல்லாமல் விரலால் இழுத்து. பிக் வைத்தால் ஒரு கம்பியை அடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக முடியும். விரலுக்கு அந்த வரிசை தேவையில்லை, இரண்டும் ஒரே கணத்தில் கிளம்பும். மொத்தம் பன்னிரண்டு அடி, நான்கே நான்கு சுர இணைகள். இவ்வளவு குறைந்த முதலீட்டில் இவ்வளவு புகழ் ஈட்டிய சொத்து ராக் உலகில் வேறு இருப்பதாகத் தெரியவில்லை.

ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ (1965) இதைவிடச் சிக்கனம். ஏ கம்பியில் மூன்று ஃப்ரெட்டுகள், அவ்வளவுதான். தூக்கத்தில் தோன்றியதை டேப்பில் பிடித்துவைத்ததாகவும், மிச்ச டேப் முழுக்கக் குறட்டை என்றும் குழுவின் கிட்டார் கலைஞர் கீத் ரிச்சர்ட்ஸே சொல்லியிருக்கிறார். விழித்திருந்து பயில்பவர்கள் மனம் தளர இது போதும்.

இதுவரை விரல் கட்சி சொல்வதில் பெரிய பழுதில்லை. சிக்கல் அதே ரோலிங் ஸ்டோன்ஸின் ‘ஸ்டார்ட் மீ அப்’ (1981) பாட்டில் தொடங்குகிறது. ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் உட்கார்ந்து இதை வாசிக்க முயல்பவர் சரியான கார்டுகளைப் பிடித்துவிடுகிறார். ஆனால் வருவது வேறு ஏதோ பாட்டு. விரலை மாற்றுகிறார், ஆம்ப்ளிஃபையரை மாற்றுகிறார், சிலர் ஆசிரியரையே மாற்றுகிறார்கள். மாற வேண்டியது மூன்று கம்பிகள். தடித்த ஈ டி-யாகவும், ஏ ஜி-யாகவும், மெல்லிய ஈ டி-யாகவும் ஒரு முழுச் சுரம் இறங்கினால் அது ஓப்பன் ஜி. இப்போது ஒரு விரலும் வைக்காமல் மீட்டினாலே முழு ஜி மேஜர் கார்டு ஒலிக்கும். வீணையின் நான்கு வாசிப்புக் கம்பிகளும் ச, ப, ச, ப என்றே நிற்பதை அறிந்தவர்களுக்கு இது அதிசயமாகப் படாது.

ரிச்சர்ட்ஸ் இன்னொரு படி போனார். ஆறாவது கம்பியில் வரும் டி, ஜி கார்டின் ஆதார சுரமல்ல. அடியில் கிடந்து குழப்புகிறது. ஆகவே அந்தக் கம்பியையே கழற்றிவிட்டார். மிஞ்சிய ஐந்தின்மேல் ஆள்காட்டி விரலை ஐந்தாம் ஃப்ரெட்டில் படுக்கவைத்தால் சி மேஜர். அதை எடுக்காமலே நடுவிரலையும் மோதிரவிரலையும் தட்டி வைத்தால் எஃப், எடுத்தால் மறுபடி சி. அந்த இரு விரல்கள் ஏறி இறங்குவதுதான் ரிஃப். ஸ்டாண்டர்டில் ஒரு பிடியிலிருந்து இன்னொரு பிடிக்குத் தாவ வேண்டும், தாவும்போது ஒலி அறுந்துவிடும். இங்கே அறுபடுவதே இல்லை.

இந்த ட்யூனிங்கை கிட்டார் கலைஞர் ரை கூடரிடமிருந்து கற்றதாக ரிச்சர்ட்ஸ் 2010-இல் வெளியான தன்வரலாற்று நூலில் ஒப்புக்கொள்கிறார். ஜெய்ப்பூரின் விஸ்வ மோகன் பட்டுடன் சேர்ந்து, 1993-இல் வெளியான ‘எ மீட்டிங் பை தி ரிவர்’ ஆல்பத்தை வாசித்தவரும் அதே கூடர்தான். கூடருக்கு முன்பே மிசிசிப்பி ப்ளூஸ்காரர்களும் ஹவாய்த் தீவினரும் இதில் வாசித்தாகிவிட்டது. நேரான கண்ணாடிக் குழாயைக் கம்பியின்மேல் சறுக்குபவருக்கு ஓப்பன் ட்யூனிங்தான் வசதி, ஏனெனில் குழாய் வளையாது. வரிசையாக ஒரே ஃப்ரெட்டில் கார்டு கிடைத்தாக வேண்டும். கிட்டார் கலைஞர் டுவேன் ஆல்மன் குழாய்க்குப் பதில் ஜலதோஷ மாத்திரைப் புட்டியை மாட்டிக்கொண்டு ஓப்பன் ஈ-யில் வாசித்தார். ஓப்பன் ஈ-யில் மட்டும் ஓர் எச்சரிக்கை உண்டு. அங்கே மூன்று கம்பிகளை இறுக்க வேண்டும், முகத்துக்கு நேராக அறுந்து தெறிக்கலாம். அஞ்சுபவர்கள் ஓப்பன் டி-க்கு இறக்கி, இரண்டாம் ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டி அதே ஒலியைப் பெறுகிறார்கள்.

விரல் கட்சியார் இறுதியாக பிளாக் சபாத்தின் டோனி அயோமியைச் சாட்சிக்கு அழைப்பர். பர்மிங்காமில் தகரத் தொழிற்சாலை வேலையில் பதினேழு வயதில் வலது கையின் இரண்டு விரல் நுனிகள் போயின. இடது கைக்காரர் என்பதால் ஃப்ரெட் பிடிக்கும் கையே அதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் புட்டியை உருக்கித் தொப்பி செய்து, தோல் ஒட்டி மாட்டிக்கொண்டார். நல்ல சாட்சிதான், ஆனால் குறுக்கு விசாரணை பாக்கியிருக்கிறது. தொப்பி மட்டும் போதவில்லை. 1971-இன் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’யில் அவர் கம்பிகளையே ஒன்றரைச் சுரம் தளர்த்தினார், அழுத்துவதற்கு லேசாக. ஹெவி மெட்டலின் கனத்த ஒலியில் பெரும்பங்கு அந்தத் தளர்ச்சிக்கு உண்டு. விரலின் வழக்கு கீயில்தான் தீர்ந்தது.

இவ்வாய்வில் கிடைத்த முக்கிய முடிவு இனிமேல் வருவது. ஓப்பன் ஜி-க்குப் போகும்போது இறங்காத கம்பிகள் டி, ஜி, பி. பிளாக்மோரின் பாடம் டி, ஜி இரண்டிலேயே முடிகிறது. ஆகவே ‘ஸ்மோக் ஆன் தி வாட்டர்’ இரு ட்யூனிங்கிலும் ஒரு விரல்கூட மாறாமல் வரும். இரு மதத்தாரும் வழிபடும் தெய்வம் அது. நாட்டார் பாடத்துக்கு இந்தப் பொதுமை இல்லை; ஈ கம்பி இறங்கியதும் ரிஃபும் கூடவே இறங்கிவிடும். ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷ’னையும் இரண்டு ஃப்ரெட் மேலே தள்ளினால்தான் பழைய சுரம் கிடைக்கும்.

நடைமுறைச் சிக்கல் ஒன்று தீராமல் நிற்கிறது. பாட்டுக்குப் பாட்டு கீயைத் திருகினால் கம்பி நிலைகொள்ளாது. இரண்டாவது கிட்டார் வேண்டும். ரிச்சர்ட்ஸ் தன் ஐந்து கம்பி டெலிகாஸ்டருக்கு மிகாபர் என்று பெயர் வைத்திருக்கிறார். டிக்கன்ஸ் நாவலில் கடனில் மூழ்கியபடி நல்ல காலத்தை எதிர்பார்த்திருக்கும் மனிதர் அவர். இரண்டாவது கிட்டாருக்குத் தவணை கட்டுபவர்களுக்கு இந்தப் பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். அதோடு, கம்பிகள் கடையில் பெரும்பாலும் ஆறு ஆறாகத்தான் விற்கப்படுகின்றன. ஐந்து கம்பிக்காரர் அப்படிப்பட்ட ஒவ்வொரு தொகுதியிலும் ஒன்றைச் சும்மா வாங்குகிறார். அடிக்கடி அறுவது மெல்லிய கம்பி, மிஞ்சுவதோ எளிதில் அறாத தடித்த ஈ.