எறியாதே, பறணில வை

கனடா ஸ்காபரோவிலிருந்து மாமா லீவில் வந்து நிற்கும் நாட்களில் எங்கள் வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றுக்கும் சாவுத் தேதி குறிக்கப்படும். ரி.வி. ரிமோட்டைக் கையில் எடுத்தாரென்றால், "உது இன்னும் ரெண்டு வருசம்தான்" என்பார். திறப்புக் கோர்வையைக் கண்டால், "இனிக் கதவுக்கெல்லாம் விரல் வைச்சாக் காணும்." காசு, காசோலை, கைக்கடிகாரம், வயர் கொளுவிய எந்தச் சாமானும், கியர் மாற்றும் கார், பெற்றோல் ஊற்றும் கார், கடைசியில் ஆள் இருந்து ஓட்டும் கார், எல்லாம் போய்விடுமாம். அம்மா குசினிக்குள் நின்றபடியே கேட்டுக்கொண்டிருப்பார். மாமாவின் கண் அம்மியில் விழுந்ததும், "தம்பி, நீ கதையாமல் சாப்பிடு" என்று குரல் வரும். சம்பல் அந்த அம்மியில் அரைத்தது என்பதால் மாமாவும் அடங்கிவிடுவார்.

மாமா சும்மா அளப்பவர் அல்ல. அவர் இருக்கும் ஊரில் அவர் சொல்வதுதான் நடக்கும். புதுச்சாமான் கடைக்கு வரும், பழையது குப்பை லொறியில் ஏறும். யாழ்ப்பாணத்தில் அந்தக் கணக்குச் சரிவராது. இங்கே ஒரு சாமானின் காலம் முடிந்ததா இல்லையா என்பதை அதைவிடத் திறமான சாமானைக் கண்டுபிடித்தவன் தீர்மானிப்பதில்லை. கப்பல் வந்ததா, பாதை திறந்திருக்கிறதா, கொழும்பில் டொலர் இருக்கிறதா என்பவைதான் தீர்மானிக்கும். அதனால் எங்கள் வீட்டில் எதையும் எறிவதில்லை. பாவனையில் இல்லாதது பறணுக்குப் போகும். பறண் நிரம்பினால் கோடிப்புறக் கொட்டிலுக்குப் போகும். அங்கே இருந்து வெளியே போகும் வழி எதையும் அம்மா வைக்கவில்லை.

1990 நடுப்பகுதியில் சண்டை மறுபடி தொடங்கியதும் கரண்ட் போனது. போனது என்றால் மாலைக்குள் வந்துவிடுகிற போக்கு அல்ல, ஆண்டுக்கணக்கில் வராத போக்கு. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, யூரியா என்று தடைசெய்யப்பட்ட சாமான்களின் பட்டியல் நீண்டுகொண்டே போனது. மண்ணெண்ணெய் மருந்து போலப் போத்தல் கணக்கில் வந்தது. அந்த நேரம் யாராவது எங்களிடம் வந்து, அடுத்ததாக எந்தத் தொழில்நுட்பம் வழக்கொழியும் என்று கேட்டிருந்தால், இருபதாம் நூற்றாண்டு என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்போம்.

முதலில் படுத்தது தோட்டங்களின் இறைப்பு மிசின். அது ஊருக்கு வந்தபோது துலாவின் கதை முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். துலா மரம் மாட்டுக் கொட்டிலின் வளையாகிவிட்டது, ஆடுகாலில் உடுப்புக் காய்ந்தது. மிசினுக்கு எண்ணெய் இல்லை என்றானதும் கொட்டிலைப் பிரித்துத் துலாவை மீட்டெடுத்தார்கள். அதில் ஏறி முன்னும் பின்னும் நடந்து மிதிப்பது ஒரு கலை. அந்தக் கலை தெரிந்தவர்கள் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அப்புமார் மட்டும்தான். ஒரே கிழமையில் அவர்கள் ஊரின் பொறியியலாளர்கள் ஆனார்கள். பேரன் துலாவின் மேலே கால் நடுங்க நிற்பான். கிணற்றுக் கட்டில் பட்டை பிடிக்கும் அப்பு கீழே நின்று, "கம்பஸுக்குப் போறவர் ஒரு மரத்தில நடக்கமாட்டாராம்" என்று ஊர் கேட்கச் சொல்லுவார். நாற்பது வருடக் கோபத்தை அவர்கள் அந்த ஒரு போகத்துக்குள் தீர்த்துக்கொண்டார்கள்.

இரவுக்கு ஜாம் போத்தல் விளக்கு. போத்தலின் அடியில் கொஞ்சம் பஞ்சு, அது நனையும் அளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் கொளுவிய ஒரு திரி, அவ்வளவுதான். சுடர் போத்தலுக்குள்ளேயே இருப்பதால் காற்றுக்கு அணையாது, எண்ணெயும் மிச்சம். அந்த வெளிச்சத்தில் உயர்தரம் படித்து மருத்துவபீடம் போனவர்கள் இன்று உலகம் முழுவதும் இருக்கிறார்கள். எல்லோரும் கண்ணாடி போட்டிருக்கிறார்கள்.

ஆனால் அந்தக் காலத்தின் கதாநாயகன் ஒஸ்ரின் ஏ40தான். அதோடு மொறிஸ் மைனர். செய்த நாட்டிலேயே பழைய இரும்புக்குப் போன கார்கள் இவை. இவற்றின் என்ஜின் அமுக்கம் குறைந்தது, எதைக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் குடிக்கும். மண்ணெண்ணெய் குளிரில் ஆவியாகாது என்பதால் தொடக்கத்துக்கு மட்டும் கொஞ்சம் பெற்றோல் வேண்டும். அதற்குச் சேலைன் போத்தலைக் கட்டித் தொங்கவிட்டுச் சொட்டுச் சொட்டாக இறக்குவார்கள். என்ஜின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினால், வெள்ளைப் புகையைக் கக்கிக்கொண்டு அது மாப்பிள்ளையையும் தோழனையும் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். பிறகு வந்த ஜப்பான் கார்கள் இந்தச் சாப்பாட்டுக்கு ஒத்துவரவில்லை. அவை தறப்பாளால் மூடிக் கிடந்தன. முன்னேறிய சாமானுக்குத்தான் பட்டினி கிடக்கத் தெரியாது என்று அப்போதே எங்களுக்குத் தெரிந்துவிட்டது.

பற்றரி இல்லாத ஊரில் செய்தி கேட்பது தனிக் கதை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து றேடியோவுக்கு வயர் இழுத்து, இரவில் பி.பி.சி. தமிழோசை கேட்போம். ஒருவன் சுற்ற ஒழுங்கையே கேட்கும். சிக்கல் என்னவென்றால் சுற்றுகிறவனுக்கும் காது இருந்தது. யாழ்ப்பாணம் என்ற சொல் வந்ததும் அவனும் கேட்க ஆசைப்படுவான், கை தளரும், வாசிப்பவரின் குரல் கிணற்றுக்குள் இறங்கும். "சுத்தடா!" என்று நாலு பக்கமும் சத்தம் எழும். அவன் பயத்தில் வேகமாகச் சுற்றக் கரகரப்பு மட்டும் மிஞ்சும். முக்கியமான செய்தி ஒன்றையாவது எங்கள் ஒழுங்கை முழுதாகக் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அடுத்த நாள் பேப்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்றால், வெள்ளைத் தாள் இல்லாமல் கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்த காலம் அது. தலைப்புச் செய்தியின் ஊடாக நீலக் கோடு ஓடும்.

அந்தத் தமிழோசை 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் வானொலியில் நின்றது. 1941இல் தொடங்கியது, எழுபத்தாறு வருடம் ஓடியிருக்கிறது. மாமா கவனிக்காத இடம் இதுதான். எங்கள் டைனமோ இருக்கிறது. றேடியோவும் இருக்கிறது, தட்டினால் இரையும். சுற்றுவதற்கு, ஜிம்முக்குக் காசு கட்டிச் சைக்கிள் மிதிக்கிற பொடியன்கள் இப்போது தாராளமாக இருக்கிறார்கள். லண்டன் பக்கம்தான் ஆள் இல்லை. சாமான் சாகவில்லை, மறுமுனை செத்துவிட்டது.

இதைப் பிடித்துக்கொண்டு பறணை ஒருமுறை பார்த்தால் எல்லாம் விளங்கும். பெரியம்மா வீட்டுக் கலியாணம் முழுவதும் ஒரு வீடியோ கசற்றில் இருக்கிறது. ஒரு பிரதி கனடாவுக்குப் போனது. அங்கே என்.ரி.எஸ்.சி. முறை, இங்கே பால் முறை. டெக்கில் போட்டால் மாப்பிள்ளைக்கு வரி வரியாகத் தாலி ஓடியதாம். இப்போது டெக்கே கிடையாது. கசற்றுக்குப் பூஞ்சணம் பிடித்துவிட்டது, அம்மா அதற்கு மாதம் ஒருமுறை வெயில் காட்டுகிறார். அதன் பக்கத்தில் சி.டி.எம்.ஏ. போன். ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு வந்த அது, பின்னல் துணி போர்த்தி சுவாமிப் படத்துக்கு அடுத்த மரியாதையோடு இருந்தது. ஒரு கீறல் இல்லை. சிக்னல்தான் இல்லை. அதற்கும் அடுத்து, பனையளவு உயரக் குழாயில் நின்று கொடைக்கானல் தூரதர்ஷனைப் பிடித்துத் தந்த அன்ரனா. முற்றத்தில் ஒருவர் திருப்ப, உள்ளே இருந்து "இன்னும் கொஞ்சம்... ஐயோ போட்டுது" என்று ஒருவர் கத்த, மேலே காகம் ஒன்று வந்து இருந்து படத்தைச் சரிப்படுத்திவிட்டுப் போகும். அது இன்று புடலங்கொடிக்குப் பந்தல்.

மேலோட்டமாகப் பார்த்தால் றெயில்தான் முற்றாகச் செத்திருக்க வேண்டும். 1956இல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி 1990 யூனில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குக் கூரையாகின. இருபத்துநாலு வருடத்துக்குப் பிறகு, 2014 ஒக்ரோபர் 13இல் யாழ்ப்பாணம் ஸ்ரேசனுக்கு அது திரும்பவும் வந்தபோது, றெயிலைப் பாலர் வகுப்புப் படத்தில் மட்டும் கண்ட பெரிய ஆட்கள் பிள்ளைகளைத் தூக்கிக் காட்டுகிற சாட்டில் தாங்களும் வாய்பிளந்து நின்றார்கள். ஆக, மறுமுனை கொழும்பில் உயிரோடு இருந்தால் நடுவில் தண்டவாளமே இல்லாவிட்டாலும் பிழைக்கலாம்.

பிறகு 2022. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு என்று அறிவித்தார்கள். கொழும்பு நண்பர் ஒருவர் போன் எடுத்து அழாத குறையாகச் சொன்னார். ஆறுதல் சொல்லிவிட்டு, பதின்மூன்று போக மீதிப் பதினொரு மணி நேரமும் கரண்டை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் இன்னும் என்னோடு கதைப்பதில்லை. பெற்றோல் வரிசை இரண்டு கோயில் வீதியைச் சுற்றியது, கொட்டிலிலிருந்து சைக்கிள்கள் இறங்கின. அதுவரை பேரீச்சம்பழக்காரனுக்கும் கொடுக்க முடியாதிருந்த லேடீஸ் சைக்கிளுக்கு ஆள் மேல் ஆள் வந்து விலை கேட்டார்கள். யூலையில் கியூஆர் கோட் வந்தது. மோட்டசைக்கிளுக்குக் கிழமைக்கு நாலு லீற்றர். உலகம் போனில் காட்டுகிற சாமானை நாங்கள் கடையில் பிறின்ற் எடுத்து, லமினேற் பண்ணி, துளை போட்டுத் திறப்பில் கட்டினோம். 2023 செப்ரெம்பர் 1இல் அந்த முறை நின்றது. எங்கள் வீட்டு கியூஆர் மட்டை பிஸ்கற் ரின்னுக்குள் பழைய கூப்பன் மட்டைகளோடு பத்திரமாக இருக்கிறது.

ஜாம் போத்தலும் அந்த வருடம் வெளியே வந்தது என்று பெருமையாக எழுதத்தான் ஆசை. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயிலிருந்து ஒரே தாவலில் 340 ஆனது. மண்ணெண்ணெயில் ஓடுகிற வள்ளக்காரர் கடலைப் பார்த்துக்கொண்டு கரையில் இருந்தார்கள். விளக்குக்கும் ஒரு மறுமுனை உண்டு, அது அரபு நாட்டில் இருக்கிறது.

ஆகவே என் கணிப்புகள் மாமாவுடையதற்கு எதிர்ப்புறமானவை. அவர் போனமுறை கொண்டுவந்த, கதைத்தால் எரியும் பல்ப்பு முதலில் போகும் என்றேன். என் வாய் மூடமுன் போனது. அது 120 வோல்ற் நாட்டுப் பல்ப்பு, எங்கள் சுவரில் வருவது 230. கதைக்காமலே ஒருமுறை நன்றாக எரிந்தது. விரல் வைத்துத் திறக்கும் பூட்டு அடுத்தது. அதைச் செய்த கொம்பனி இழுத்து மூடுகிற அன்று வீட்டுக்காரர் வெளியே நிற்பார். ஒவ்வொரு மாதமும் தன்னைப் புதுப்பிக்கச் சொல்லிக் கெஞ்சுகிற எந்தச் சாமானும் என் பட்டியலில் உண்டு. அழியாதவை என்றால் திருவலை, இடியப்ப உரல், கோயில் குழாய் ஸ்பீக்கர், கிராம அலுவலரின் றப்பர் முத்திரை, அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி. கடைசி இரண்டையும் அணுகுண்டும் அசைக்காது. வெளிநாட்டுக் கோல் எடுக்கப் போன "கொமினிகேசன்" கடைகள்கூடச் சாகவில்லை. கோல் போய்விட்டது, பெயர்ப்பலகையும் போட்டோக்கொப்பி மிசினும் இருக்கின்றன.

இதையெல்லாம் நான் வேலியால் சொன்னபோது நம்பாதவர் பக்கத்து வீட்டு மாஸ்ரர். கூரை முழுக்கச் சோலர் போட்டவர். "இனி எனக்கு ஒருத்தரும் தேவையில்லை, சூரியன் காணும்" என்றார். கிணற்றுக்கு வலை போட்டு மூடி, மோட்டர் வைத்து, கப்பியைக் கழற்றி இரும்புக்காரனுக்குக் கொடுத்தும்விட்டார்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. முற்பகல் பதினொரு மணிக்கு மேல் முழு இலங்கையிலும் கரண்ட் நின்றது. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்துவிட்டதாக எரிசக்தி அமைச்சரே சொன்னார். வெயில் மண்டையைப் பிளந்தது, மாஸ்ரர் வீட்டில் ஒரு பல்ப்பும் எரியவில்லை. வீதி லைனோடு சேர்ந்து ஓடுகிற சோலருக்கு அதுதான் குணம். லைனில் கரண்ட் இல்லாவிட்டால் இன்வேற்றர் தானும் நின்றுவிடும். லைனில் ஏறி வேலை செய்கிற ஆளுக்குக் கரண்ட் அடித்துவிடக்கூடாது என்று அப்படிச் செய்திருக்கிறார்கள். மாஸ்ரருடைய சூரியனின் மறுமுனை பாணந்துறையில் ஒரு குரங்கின் கையில் இருந்தது.

தாங்கியில் தண்ணீர் முடிந்து, தலையில் சவர்க்கார நுரையோடு வேலியடிக்கு வந்தார். "அக்கா, வாளியும் கயிறும் ஒருக்காத் தாறியளே? உங்கட கப்பியும்."

நான் ஏணியை வைத்துப் பறணில் ஏறினேன். அம்மா ஒவ்வொன்றாக வேலிக்கு மேலால் எடுத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மாஸ்ரர், கயிறை ஈரத்தோட சுருட்டாமல் காயப்போட்டுத் தாங்கோ. உங்கட கூரையிலதான் நல்ல வெயில் கிடக்கே."