மாமா போடாத மார்க்

பர்க்கன்ஹெட்,
ஜூன் 22

அன்புள்ள மாமாவுக்கு,

அத்தையின் முழங்கால் வலி தேவலையா? நான் கோல்ஃப் ஆடுவதாக எழுதியதும், "வீட்டுக் கடன் அடைந்துவிட்டதோ?" என்று கேட்டிருந்தீர்கள். அடையவில்லை. இது நகராட்சி மைதானம். என் மட்டைகள், ஆபீஸில் ஒருவர் தூக்கிப் போட இருந்தவை.

பதினெட்டுக் குழிகள், ஒவ்வொன்றின் வாயும் நாலேகால் அங்குலம். குழியில் பந்து விழும்வரை அடிக்கிற அடியெல்லாம் கணக்கு. முதல் நாள் ஒன்பதாவது குழியிலேயே நூறு போட்டேன். பெருமைப்படாதீர்கள், இது கிரிக்கெட் இல்லை. இதில் குறைவாக எடுத்தவன்தான் கெட்டிக்காரன்.

என்னைப் போன்றவர்களுக்காக இரங்கிய மனிதர் பக்கத்து ஊர்க்காரர்தான். டாக்டர் ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்டு. வாலசியில் ஐரிஷ் கடல் காற்று பந்தை மட்டுமா, ஆளையே தள்ளும். முதல் இரண்டு மூன்று குழியில் சொதப்பியவர்கள் மீதி ஆட்டம் முழுக்க முகத்தைத் தொங்கப்போட்டு நடப்பதைப் பார்த்து, 1932-ல் அங்கே ஒரு புது முறையைக் கொண்டுவந்தார். அடியை எண்ணாதே, குழிக்குக் குழி மார்க் போடு. ஒரு குழி நாசமானால் முட்டை. பந்தைப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த குழிக்குப் போ.

எனக்கு ஹேண்டிகேப் 54. அதற்குமேல் யாருக்கும் தரமாட்டார்கள். அதாவது குழிக்கு மூன்று அடி தள்ளுபடி. நாலில் முடிக்கவேண்டியதை நான் ஏழில் முடித்தால் இரண்டு மார்க், எட்டில் முடித்தால் ஒன்று. விடை சரியாக இருந்தும் ஒரு ஸ்டெப் விட்டதற்காக எனக்கு முட்டை போட்ட கணக்கு வாத்தியார் நீங்கள். அந்த டாக்டர் உங்கள் ஸ்டாஃப் ரூமில் ஒரு நாள் உட்கார்ந்திருந்தால் நான் இன்ஜினீயர் ஆகியிருப்பேன்.

போன வாரம் ஸ்கிராம்பிள். நாலு பேர் ஓர் அணி. நாலு பேரும் அடிப்போம், நல்ல இடத்தில் கிடக்கும் பந்தைத் தேர்ந்துகொண்டு அங்கிருந்து மறுபடி நாலு பேரும் அடிப்போம். கூட்டுக் குடும்பம் மாதிரி. ஒருத்தர் சம்பாத்தியத்தில் மீதிப்பேர் காலம் தள்ளலாம். நானும் சுகமாகத் தள்ளினேன். ஆனால் ஒவ்வொருவருடைய முதல் அடியையும் மூன்று குழியிலாவது எடுத்தே ஆகவேண்டுமாம். இட ஒதுக்கீடு! என் பங்கை ஒத்திப்போட்டு ஒத்திப்போட்டு, கடைசி மூன்று குழியும் என் தலையில் விழுந்தன. ஒன்று மணலில், ஒன்று மரத்தடியில், ஒன்று என் காலிலிருந்து இருபது கஜத்தில். மூன்று வெள்ளைக்காரர்களும் "பரவாயில்லை" என்றார்கள். அந்தப் "பரவாயில்லை" இருக்கிறதே, அதற்கு உங்கள் பிரம்படி எவ்வளவோ மேல்.

அந்த வெட்கத்தில் சாயங்காலம் தனியாகப் பயிற்சி செய்கிறேன். ஒன்பதரை மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் இரண்டு பந்து அடித்து, மோசமானதன் இடத்திலிருந்து மறுபடி இரண்டும் அடிக்க வேண்டும். இதைக் கண்டுபிடித்தவர் நிச்சயம் உங்கள் வகையறா. நேற்று இரண்டும் ஒரே முட்புதரில் போய் விழுந்தன. எது மோசம் என்று தீர்ப்புச் சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை.

டாக்டர் ஸ்டேபிள்ஃபோர்டின் முறையில் இதுவரை என் உச்சம் 19. அத்தை கேட்டால், 36-க்கு 19 என்று சொல்லுங்கள். 36-க்கு மேலும் எடுக்கலாம் என்பது நமக்குள் இருக்கட்டும்.

தங்கள் அன்பு மருமகன்