பேராண்டியின் பன்னெண்டு கட்டம்

வாடா பேராண்டி, உக்காரு. அந்தப் பக்கம் இல்ல, பாவு மேல கால் படும். ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கோ. ஒரகடத்துக் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கினதும் நேரா தாத்தாகிட்ட வர்றேன்னா ஒண்ணு கைமாத்து, இல்லன்னா புது யோசனை. போன வருஷம் தினம் பத்தாயிரம் அடி நடக்கப் போறேன்னு கையில கடியாரம் கட்டிக்கினு வந்தே. கடியாரம் இன்னும் நல்லா ஓடுது.

இந்த வாட்டி இன்னா? வருஷத்துக்குப் பன்னெண்டு நாவல், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு சீமைக் கதை. செல்லுல கட்டம் போட்டு, கலர் அடிச்சு, நாளைக்கு எத்தனை பக்கம்னு கணக்கு வேற. அடேயப்பா! புத்தகம் எத்தனை வாங்கினே? ஒண்ணும் இல்லியா? பரவால்ல. மண்டபத்துக்கு அட்வான்ஸ் குடுத்துட்டுப் பொண்ணு தேடுறவங்களும் ஊர்ல இருக்காங்க.

கட்டத்தை நான் கேலி பண்ணல. நம்ம பொழைப்பே கட்டந்தான். கிராஃப் தாள்ல கட்டம் கட்டமா அன்னமும் யாளியும் போட்டு, அதைப் பாத்து அட்டை குத்தி, ஜக்கார்டுல ஏத்தினாத்தான் சேலையில அன்னம் நடக்கும். ஆனா அட்டை குத்தின அன்னைக்கே சேலை முடிஞ்சுதுன்னு எவனும் கூலி கேக்கப் போனதில்ல. நீ நேத்து ராத்திரியே கட்டத்தைப் படம் புடிச்சு ஸ்டேட்டஸ் வச்சிட்டே. உங்க அத்தை காமிச்சா.

லண்டன்ல ஆன் மார்கன்னு ஒரு அம்மா, 2012ல, ஒரே வருஷத்துல 196 நாட்டுக்கும் நாட்டுக்கொரு புத்தகம் படிச்சாங்க. தெற்கு சூடான் அதுக்கு முந்தின வருஷந்தான் தனி நாடாச்சு. புத்தகம் கிடைக்கல. விட்டாங்களா? அந்த ஊர்க்காரம்மா ஒருத்தர்கிட்ட கேட்டு எழுதியே வாங்கிட்டாங்க. நீ பன்னெண்டுக்கே உள்ளங்கை வேர்த்து நிக்கிறே.

உன் கட்டத்துல முதல் மாசம் இன்னா போட்டிருக்கே? ‘ஆழி சூழ் உலகு’. ஜோ டி குருஸ் உவரிக்காரர், கடல்ல போறவங்க வாழ்க்கையை அவங்க பேச்சுலயே எழுதினவரு. நல்ல புத்தகம்தான். ஆனா நீ கடல்னு பாத்தது மாமல்லபுரத்துல சுண்டல் வாங்கித் தின்னப்போதான். எடுத்த எடுப்புல நடுக்கடல்ல குதிச்சா மூச்சு முட்டும். தெரிஞ்ச இடத்துலேர்ந்து கிளம்புடா. ‘வேள்வித் தீ’ படி. எம்.வி. வெங்கட்ராம் கும்பகோணத்துக்காரர், அவரே பட்டுச் சரிகை வியாபாரம் பண்ணி நொந்தவரு. சௌராஷ்டிர நெசவாளி வீட்டுக் கதை. ஊர் வேற, பேச்சு வேற, ஆனா தறிச் சத்தம் உனக்குப் பழக்கம். அந்தச் சத்தத்தைப் புடிச்சிக்கினே உள்ள போயிடலாம்.

அப்புறம் ஐப்பசி, கார்த்திகை. அடைமழையில குழித்தறிக்குள்ள தண்ணி ஊறி, கால் வைக்க முடியாம வேலை நிக்கும் பாரு, அப்போ ரகுநாதனோட ‘பஞ்சும் பசியும்’ எடு. 1953ல வந்தது. நூல் கிடைக்காம தறி நின்ன திருநெல்வேலிச் சீமைக் கதை. தறி ஓடாத வீட்டுல உக்காந்துகினு படிச்சா அது வேற மாதிரி இருக்கும். ஏசி ரூம்ல படிச்சா, கஷ்டந்தான் பாவம்னு சொல்லிட்டு மூடி வச்சிருவே.

கத்திரி வெயிலுக்குப் பூமணியோட ‘வெக்கை’. பேரே போதும். அதை வச்சு எடுத்த ‘அசுரன்’ படம் பாத்துட்டேங்கிறியா? அதையும் கட்டத்துல டிக் அடிக்கலாம்னு பாக்குறே, கள்ளப் பய. அந்தப் புத்தகத்துல பதினஞ்சு வயசுப் பையன் ஒருத்தனைத் தீர்த்துட்டு அப்பனோட காட்டுலயும் மேட்டுலயும் பதுங்குறான். பசி, தாகம், கிடைச்சதைப் பறிச்சுத் தின்னு, கல்லுல படுத்துத் தூங்குறது. தனுஷுக்குக் கைதட்டினவன் அந்தத் தாகத்தை எங்க பாத்தான்?

எல்லாரும் கோட்டை விடுற இடத்தை இப்போ சொல்றேன், கேளு. எனக்கு ஒன்பது வயசுல கோர்வை இழுக்க உக்கார வச்சாங்க. கரை ஒரு நிறம், உடல் ஒரு நிறம், மூணு நாடா. பெரியவர் உடல் நாடாவை ஓட்டுவாரு. ஓரத்துல உக்காந்துகினு நான் கரை நாடாவை ஓட்டணும். ரெண்டு நிற ஊடையும் ஒண்ணை ஒண்ணு கவ்விக்கினு திரும்பணும். ஒரு இழை தவறினா தாழம்பூ ரேக்குல பல்லு உடையும், என் முதுகுல தோல் உடையும். முதல் மாசம் பூரா எனக்குக் கை வரல. பெரியவர் சொன்னது ஒண்ணே ஒண்ணு: “கையைப் பாக்காதடா, சத்தத்தைக் கேளு.”

வேற சீமைப் பேச்சும் அப்படித்தான். கி.ரா.வோட ‘கோபல்ல கிராமம்’ எடுத்தா, கரிசக்காட்டுச் சொல்லும் உன் காதும் முதல் முப்பது பக்கத்துக்குக் கோர்வை பிடிக்காது. ஒவ்வொரு சொல்லுக்கும் செல்லைத் தடவினா கதை ஓடிடும். சத்தமா படி, தானா பிடிச்சிக்கும். அப்பவும் சிக்கினா, அவரே 1982ல கரிசல் வழக்குக்கு அகராதி போட்டு வச்சிருக்காரு. கொங்குக்குப் பெருமாள்முருகன் போட்டாரு, நடுநாட்டுக்குக் கண்மணி குணசேகரன் போட்டாரு. நம்ம ‘இன்னா’வையும் ‘வந்துகினு’வையும் சினிமாவுல காமெடிக்காரனுக்குக் குடுத்துட்டு நாம சும்மா இருக்கோம்.

மீதிக்கு ரொம்ப யோசிக்காதே. கொங்குக்கு ‘நாகம்மாள்’, சண்முகசுந்தரம் 1942லயே எழுதினது. வட்டார நாவல்னா அதுலேர்ந்துதான் கணக்கு ஆரம்பிப்பாங்க. புத்தகம் ஒல்லி, உன்னை மாதிரி சோம்பேறிக்குத் தோதானது. உப்பளத்துக்கு ராஜம் கிருஷ்ணனோட ‘கரிப்பு மணிகள்’. அந்தம்மா தூத்துக்குடிக்கே போய்ப் பாத்துட்டு வந்து எழுதினவங்க. தேங்காய்ப்பட்டணத்துக்குத் தோப்பில் மீரான், யாழ்ப்பாணத்துக்கு டானியலோட ‘பஞ்சமர்’. வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துக்கு ‘எரியும் பனிக்காடு’. டாக்டர் பி.எச். டேனியல் 1969ல இங்கிலீஷ்ல எழுதினதை முருகவேள் தமிழ்ல கொண்டாந்தாரு. அதைப் படிச்சா ரெண்டு நாளைக்கு டீ இறங்காது. உங்க பாட்டிக்குச் சர்க்கரை மிச்சம்.

ஒண்ணு மட்டும், ‘வெண்முரசு’ பக்கம் போயிடாதே. 26 நாவல். எல்லாக் கட்டத்தையும் அது ஒண்ணே தின்னுடும்.

காஞ்சிபுரம்னு ஒரு கட்டம் போட்டு அதுல ‘சிவகாமியின் சபதம்’னு எழுதியிருக்கியே, அதுக்குத்தான் எனக்குச் சிரிப்பு. கல்கி எழுதினது பல்லவ ராஜா வீட்டுக் காஞ்சி. அந்தக் கோட்டை வாசல்ல நம்ம ஐயம்பேட்டை நெசவாளியை விடமாட்டான். பட்டு கர்நாடகத்துலேர்ந்தும் சரிகை சூரத்துலேர்ந்தும் வந்து நம்ம கூடத்துல ஒண்ணா சேர்ற கதையை ராஜா கதைகிட்ட கேட்டா எப்படி? அந்த லண்டன் அம்மா பண்ண மாதிரி பண்ணு. இங்க கேளு, நான் சொல்றேன், நீ எழுதிக்கோ. சொல்ற கூலி தனி, அது அப்புறம்.

புத்தகத்துக்குக் காசு இல்லன்னு மூஞ்சைத் தூக்காதே. சுதந்திரம் வந்த மறுவருஷம், 1948லயே, நூலகத்துக்குன்னு சட்டம் போட்ட ராஜ்ஜியம்டா இது. வீட்டு வரியோட நூலக வரியும் உங்கப்பன் கட்டிக்கினுதான் இருக்கான். கட்டின காசுக்கு ஒரு நாளாவது அந்தப் படியை மிதி.

எடுத்ததும் நேரா இங்க கொண்டா. எனக்கு வலது கண்ணுல புரை எடுத்தாச்சு, இடது கண்ணு தை மாசம். அதுவரைக்கும் நீ சத்தமா படி, நான் தார் சுத்துறேன். ராத்திரி எட்டு மணிக்கு வா, அதுக்குள்ள பாட்டி சீரியல் முடிஞ்சிடும்.