ஐ5-ஐக் கழற்றி ஐ7 மாட்டுவது எப்படி?

கேமிங் லேப்டாப்பில் கேம் திக்கித் திக்கி ஓடினால் ப்ராசசர்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டிவிடுங்கள். ஆராயக் கூடாது. ஆராய்ந்தால் ஃபேனில் தூசி அடைத்திருப்பதும், தெர்மல் பேஸ்ட் காய்ந்து பொடியாகியிருப்பதும், இரண்டு ரேம் குழியில் ஒன்று காலியாகக் கிடப்பதும் தெரிந்துபோய்த் திட்டமே பாழாகிவிடும். சித்திரை மாதத்தில் மெத்தைமேல் லேப்டாப்பை வைத்து விளையாடினால், ப்ராசசர் 100 டிகிரியை நெருங்கியதும் தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். அதைத்தான் நீங்கள் "ப்ராசசர் பத்தல" என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது ஆலோசனை. கோபிசெட்டிபாளையத்தில் இதற்குப் பஞ்சமே இல்லை. கச்சேரிமேட்டில் டீ குடிக்கும்போது ஒருவர் சொல்வார், பாரியூர் குண்டம் திருவிழாவுக்குப் பெங்களூரிலிருந்து வந்த மச்சான் சொல்வார், பங்காளி வீட்டுப் பையன் கேட்காமலே சொல்வான்: "ஐ7 போட்டுரு மாப்ள, பறக்கும்." எந்த ஐ7 என்று திருப்பிக் கேட்டுவிடாதீர்கள், உறவு கெடும். ஐ7-4500யூ என்று ஒன்று உண்டு. பேர்தான் ஐ7. உள்ளே இரண்டே கோர், 15 வாட். அந்தப் பேரை நம்பினால் பறப்பது உங்கள் காசு மட்டும்தான்.

இனிமேல்தான் பாடமே. ஐ7-4700எம்க்யூ, ஐ7-4700எச்க்யூ என்று இரண்டு ப்ராசசர்கள் 2013இல் வந்தன. இரண்டுக்கும் நான்கு கோர், 47 வாட், அடிப்படை வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸ். பேரில் ஒரே ஒரு எழுத்துத்தான் வேறு. அந்த எழுத்தில்தான் குடியே முழுகுகிறது. எம்க்யூவுக்கு அடியில் 946 ஊசிகள் இருக்கும். சாக்கெட்டின் ஓரத்தில் ஒரு திருகு, ஸ்க்ரூடிரைவரால் அரைச் சுற்று திருப்பினால் பிடி விட்டுவிடும், அலுங்காமல் தூக்கிவிடலாம். மூலையில் இருக்கும் தங்க நிற முக்கோணத்தைப் பார்த்து வேறொன்றை உட்கார வைக்கலாம். எச்க்யூவுக்கு ஊசியே கிடையாது. 1,364 ஈயக் குண்டுமணிகளை உருக்கி நேராக போர்டிலேயே ஒட்டியிருப்பார்கள். அதைத் திருகிப் பார்ப்பவர்கள் போர்டையும் சேர்த்தே பெயர்த்து வருவார்கள்.

உங்களுடையது எது என்று அறிய லேப்டாப்பைப் பிரிக்கவே வேண்டாம். சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் 'பேக்கேஜ்' என்ற வரியில் வந்துவிடும். பிஜிஏ என்று முடிந்தால், 'ஜிஏ'வுக்கு முன்னால் ஆங்கிலத்தில் எந்த எழுத்து நிற்கிறது என்று மட்டும் பாருங்கள். 'பின்' என்பதன் P என்றால் ஊசி. 'பால்' என்பதன் B என்றால் ஒட்டு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றனவே என்கிறீர்களா? இருக்கின்றன. அதனால்தான் ஆங்கில எழுத்தைப் பார்க்கச் சொல்கிறேன். சுருக்கு வழியும் உண்டு. இன்டெல் லேப்டாப் ஐந்தாம் தலைமுறை, அதற்கும் மேல் என்றால் பெரும்பாலும் ஒட்டுதான். ரைசன் லேப்டாப்புகளும் அப்படியே.

நம்பிக்கை இல்லையென்றால் கோவை காந்திபுரம் பஸ் ஏறி, 'சிப் லெவல் சர்வீஸ்' என்று பலகை மாட்டிய ஏதாவது ஒரு கடையில் கேளுங்கள்.

"ஏனுங்ணா, இதுல ஐ7 மாத்த முடியுங்களா?"

"போர்டோட மாத்தோணுங் தம்பி. போர்டு விலைக்குப் பழைய லேப்டாப்பே ஒண்ணு வந்துருமுங்."

ஊசி வைத்த பழைய லேப்டாப்புக்காரர்கள் இப்போது சிரிப்பீர்கள். கொஞ்சம் பொறுங்கள். வீட்டில் அப்பாவைக் கேளுங்கள், போர் குழாய் அகலத்தை அளக்காமல் மோட்டார் எடுப்பாரா? அகலம் பொருந்தினாலும் ஐந்து எச்பி கழற்றிய இடத்தில் ஏழரையைப் போட்டுவிட்டு, பழைய ஒயரும் ஸ்டார்ட்டரும் தாங்கும் என்று இருப்பாரா? இங்கேயும் அதே கணக்குத்தான். ஐ5-3210எம் 35 வாட், ஐ7-3630க்யூஎம் 45 வாட். இரண்டும் 988 ஊசிக்காரர்கள், ஒரே குழியில் உட்காருவார்கள். ஆனால் 35 வாட்டுக்கு வைத்த ஒற்றைக் குழாய் ஹீட்சிங்க்கும் 65 வாட் அடாப்டரும் புது மாப்பிள்ளையைத் தாங்காது. வாங்கிய ஐ7 சூடேறி, பழைய ஐ5-இன் வேகத்துக்கே இறங்கி ஓடும்.

குழி ஒன்றாக இருந்தாலும் பயாஸ் ஒத்துக்கொள்ள வேண்டும். 2011ஆம் ஆண்டின் பல எச்எம்65 சிப்செட் போர்டுகளில் அடுத்த வருஷத்து மூன்றாம் தலைமுறை ப்ராசசர் ஊசி பிசகாமல் உட்காரும். பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே நிற்கும். புது ஆளை அந்தப் பயாஸுக்குத் தெரியவே தெரியாது. ஆகவே அதே மாடலில் கம்பெனி அந்தக் காலத்தில் எந்தெந்த ப்ராசசரைப் போட்டு விற்றதோ, அந்தப் பட்டியலுக்குள்ளேயே தேடுங்கள். சர்வீஸ் மேனுவலில் இருக்கும். இந்தக் கட்டுரையில் கேலி இல்லாத ஒரே வரி இதுதான்.

விலை மலிவாக வேண்டுமென்றால் ஆன்லைனில் 'ஈஎஸ்' என்று போட்டு விற்பார்கள். இன்ஜினியரிங் சாம்பிள். சோதனைக்காக இன்டெல் வெளியே கொடுத்தது, விற்பனைக்கு அல்ல. சில்லின் மேலேயே 'கான்ஃபிடென்ஷியல்' என்று அச்சடித்திருக்கும். அவ்வளவு ரகசியமான பொருள் வாசலுக்கே கூரியரில் வருகிறது, வாரண்டி கேட்பது மரியாதையாக இருக்காது.

மேசைக் கம்ப்யூட்டர் ப்ராசசரையே லேப்டாப்புக்குள் திணித்த கம்பெனிகளும் உண்டு. ஏசஸ் 2017இல் ரைசன் 7 1700 போட்டு ஜிஎல்702இசட்சி விட்டது. டெல் 2019இல் ஏலியன்வேர் ஏரியா-51எம் கொண்டுவந்தது, உள்ளே ஐ9-9900கே, கழற்றி மாட்டும் சாக்கெட்டில். எடை ஏறக்குறைய நாலு கிலோ. பெரிய மாடலுக்கு அடாப்டரே இரண்டு. அதை முதுகில் போட்டுக்கொண்டு சத்தியமங்கலம் பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவருக்கு ஜிம் தேவைப்படாது.

இவ்வளவுக்கும் பிறகு மாற்றியே தீருவேன் என்றால், உள்ளதைத் தூசி தட்டி, பேஸ்ட் தடவி, காலி ரேம் குழியை நிரப்பி, எஸ்எஸ்டி போட்டு, "வேகமாயிடுச்சு" என்று தங்கச்சிக்கு விற்றுவிடுங்கள். நிஜமாகவே வேகமாகத்தான் இருக்கும், உங்களுக்கே விற்க மனசு வராது. அந்தப் பணத்தோடு மேல்காசு போட்டு மேசைக் கம்ப்யூட்டர் எடுங்கள். ஏஎம்4 சாக்கெட் 2016இல் வந்தது. 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியும் அதே சாக்கெட்டில்தான் உட்காருகிறது, பயாஸைப் புதுப்பித்தால் பல பழைய போர்டுகளும் ஏற்றுக்கொள்கின்றன.

"தூக்கிட்டுப் போக முடியாதேடா கண்ணு" என்று அம்மா கேட்பார். கேமிங் லேப்டாப்பும் ப்ளக் பாயின்ட்டை விட்டு எங்கேயும் போனதில்லை, சார்ஜரைப் பிடுங்கியதும் அதன் வேகம் படுத்துவிடும் என்று சொல்லிப் பாருங்கள். அப்படியானால் அதை எதற்கு வாங்கினாய் என்று அடுத்த கேள்வி வரும். அதற்குள் கரண்ட் போய்விட்டால் உங்கள் நல்ல நேரம்.