டெஸ்ட் கேஸ் பெரியப்பா

வெப்சைட்டைச் சோதிக்க நாங்கள் எழுதும் ஸ்கிரிப்ட் எல்லாமே ரொம்ப நல்ல பிள்ளைகள். பெயர்க் கட்டத்தில் பெயர், தேதிக் கட்டத்தில் தேதி, பட்டனின் நட்டநடுவில் ஒரே ஒரு கிளிக். இப்படியொரு மனிதப் பிறவியை நான் இதுவரை பார்த்ததில்லை.

என் பெரியப்பா எந்தப் பட்டனையும் இரண்டு தடவை அமுக்குவார். "ஒரு தடவை அமுக்கினா அதுக்குக் காதுல விழுமோ விழாதோ" என்பது அவர் கட்சி. பக்கம் திறக்கத் தாமதமானால் மவுஸைப் பிடித்து ஆட்டுவார். ஓடிபி வந்த பிறகுதான் கண்ணாடியைத் தேடப் போவார்.

ஆகவே அவரையே ஒரு டெஸ்ட் கேஸாக எழுதினேன். நாங்கள் ஸ்கிரிப்ட் எழுதும் செலினியம் என்ற சோதனைக் கருவியில் இதற்கென்றே 'ஆக்‌ஷன்ஸ்' என்று ஒரு வசதி. மவுஸை நகர்த்து, அழுத்திப் பிடி, இழு, விடு என்று வரிசையாகச் சொல்லலாம். கண்ணாடி தேடும் நேரத்துக்குக்கூட 'இத்தனை நொடி சும்மா இரு' என்று எழுத வழியுண்டு. எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் 'பெர்ஃபார்ம்' என்று சேர்க்காவிட்டால் மட்டும் ஒன்றும் நடக்காது, எரரும் வராது. தாசில்தார் கையெழுத்துப் போடாத மனு மாதிரி அப்படியே கிடக்கும்.

2004-ல் சிகாகோவில் செலினியத்தை உருவாக்கிய ஜேசன் ஹக்கின்ஸும் லேசுப்பட்டவர் அல்ல. அப்போதைய போட்டிக் கம்பெனியின் பெயர் மெர்க்குரி. பாதரச விஷத்துக்கு செலினியம் முறிவு என்று கிண்டலடித்து வைத்த பெயர்தான் இது. பெரியப்பாவிடம் சொன்னால் ரசிப்பார்.

பக்கத்து சீட்டுப் பையன் குறுக்குவழி சொன்னான்: "ஜாவாஸ்கிரிப்ட்லயே கிளிக் பண்ணிடுங்கண்ணா." பண்ணலாம். குக்கீ அனுமதி கேட்கும் பட்டை பட்டனை மறைத்துக்கொண்டு நின்றாலும், ஜாவாஸ்கிரிப்ட் அடியில் புகுந்து அமுக்கிவிடும். ரிப்போர்ட்டில் பச்சை விளக்கு எரியும்; அதே நேரம் பெரியப்பா அந்தப் பட்டையை விலக்கத் தெரியாமல் எனக்குப் போன் அடித்துக்கொண்டிருப்பார். செலினியத்தின் சாதாரண கிளிக்கோ, குறுக்கே ஏதோ நிற்கிறது என்று எரர் காட்டி நின்றுவிடும். அந்த எரரைத் திட்டாத டெஸ்டர் கிடையாது. என்ன செய்வது, அது சொல்வதுதான் நிஜம்.

ராத்திரி ரன்னில் பெரியப்பா பணம் கட்டும் பட்டனை டபுள் கிளிக் செய்தார். டபுள் கிளிக் என்றால் பிரவுசர் முதலில் இரண்டு தனித்தனி கிளிக்குகளைத்தான் அனுப்பும். முதல் கிளிக்கிலேயே பட்டனை முடக்கியிருக்க வேண்டும், யாரும் முடக்கவில்லை. இரண்டு பில் விழுந்தது. "எந்த யூசரும் இப்படிப் பண்ண மாட்டாங்க" என்று எழுதி டெவலப்பர் பக்கை மூடிவிட்டார். நிஜப் பெரியப்பாவின் நம்பரை அவருக்கு அனுப்பலாமா என்று யோசித்தேன். இருவர் நலன் கருதியும் விட்டுவிட்டேன்.

காலை மீட்டிங்கில், "ராத்திரி பெரியப்பா விழுந்துட்டார்" என்றேன்.

புதிதாகச் சேர்ந்த பெண் பதறிப்போனாள். "ஐயோ, எங்க சார் விழுந்தார்?"

"பேமென்ட் பேஜ்ல."

"அடி ஏதும் பட்டுதா?"

"அவருக்கு இல்லம்மா. கார்டுக்கு. ரெண்டு தடவை."