கப்பல் ஏறாத கேடட்டின் தகப்பன் எழுதும் நன்றிக் கடிதம்

பெறுநர்:
பணியாளர் பிரிவு மேலாளர் அவர்கள்,
கப்பல் கம்பெனி (பெயர் வேண்டாம், வாசித்ததும் உங்களுக்கே தெரியும்),
மும்பை.

பொருள்: என் மகனுக்குத் தாங்கள் கரையிலேயே அளித்துவரும் கடற்பயிற்சிக்கு நன்றி தெரிவித்தல் தொடர்பாக.

ஐயா,

நான் தூத்துக்குடி பழைய துறைமுகத்துத் தோணித் தொழிலாளி. வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல் என்று ஏற்றிக்கொண்டு மாலத்தீவுக்குப் போய்வருவோம். மீசை முளைக்கும் முன்னே சமையல் பையனாக ஏறினேன். தோணித் தலைவரான தண்டல் என் முகத்தைப் பார்த்தார், கடலைப் பார்த்தார், "வாந்தி வந்தா காத்துக்கு எதுக்க நின்னு எடுக்காதலே" என்றார். எனக்கு நடந்த நுழைவுத்தேர்வு, நேர்காணல், பயிற்சி வகுப்பு மூன்றும் அந்த ஒரு வாக்கியம்தான். மறுநாள் விடியும்போது கரை கண்ணில் இல்லை.

இப்படி முறையில்லாமல் தொழிலுக்கு வந்தவனின் மகன் முறையாக வரட்டுமே என்றுதான் படிக்கவைத்தோம். பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணக்கில் 60 விழுக்காட்டுக்கு மேல் வாங்கினான். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத்தேர்வு எழுதினான். கண்ணாடி போடாமல் 6/6 பார்வை வேண்டும் என்றார்கள், இருந்தது. நிறப்புள்ளிகளுக்குள் ஒளிந்திருந்த எண்களையெல்லாம் சரியாகச் சொன்னான். கப்பல் ஆபீசராவதற்கான ஓராண்டு டிஎன்எஸ் டிப்ளமா படிப்பை முடித்ததும் கேடட்டாகக் கப்பலில் பயிற்சி தருகிறோம் என்று தாங்கள் ஸ்பான்சர்ஷிப் கடிதமும் தந்தீர்கள். அதைப் பார்த்துத்தான் பேங்கில் கடன் கொடுத்தார்கள். கடைசி வரியில் பொடி எழுத்தில் 'கப்பலில் இடம் இருப்பதைப் பொறுத்து' என்று இருந்ததை பேங்க் மேனேஜரும் கவனிக்கவில்லை, நாங்களும் கவனிக்கவில்லை. 6/6 பார்வை உள்ளவனும் கவனிக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

இடையில் அவன் சேர்த்த சான்றிதழ்களுக்கு ஒரு டிரங்குப் பெட்டியே வாங்கினோம். சிடிசி என்னும் கடலோடிப் புத்தகம், இண்டோஸ் என்னும் கடலோடிப் பதிவெண், தீயணைப்பு, முதலுதவி, பாதுகாப்பு, உயிர்காப்பு. உயிர்காப்பு வகுப்பில் லைஃப் ஜாக்கெட்டோடு நீச்சல் குளத்தில் குதித்தான். கவிழ்ந்து கிடந்த ராஃப்டை நிமிர்த்தி ஏறினான். ஆகவே, மூழ்கும் கப்பலிலிருந்து தப்பிக்க அவன் முழுத் தகுதி பெற்றுவிட்டான் ஐயா. மூழ்குவதற்காவது ஒரு கப்பல் கொடுங்கள் என்பதுதான் எங்கள் பணிவான வேண்டுகோள்.

தாங்கள் எங்களைக் கைவிட்டதாக நான் சொல்லமாட்டேன். போன் செய்தால் எடுக்கிறீர்கள். பனிமய மாதா திருவிழாவுக்குள் ஜாயினிங் என்றீர்கள். கொடியேறி, திருவிழா முடிந்து, கொடியிறங்கியதும் கிறிஸ்துமஸ் என்றீர்கள். பிறகு ஈஸ்டர். எங்கள் விருப்பப்படி ஒவ்வொரு நல்ல நாளாகப் பார்த்துச் சொல்லும் தங்கள் பண்பு யாருக்கு வரும்? அவன் அம்மா வெள்ளை யூனிஃபார்மை மாதம் ஒருமுறை எடுத்து இஸ்திரி போட்டு, திரும்ப பிளாஸ்டிக் உறையில் மாட்டுகிறாள். பாய்லர் சூட்டில் இன்னும் ஒரு கிரீஸ் பொட்டு இல்லை. திண்ணையில் உட்கார்ந்து புத்தகத்தைப் பார்த்து பௌலைன் முடிச்சுப் போடுகிறான். நான் அதை முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு போட்டுக்காட்டினால், "அப்பா, புக்ல இப்படி இல்ல" என்கிறான்.

உலகச் சட்டத்தையும் தாங்கள் மீறவில்லை. 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கைப்படி கப்பல் தொழிலாளிக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 10 மணி நேரம் ஓய்வு தரவேண்டுமாம். தாங்கள் 24 மணி நேரமும் தருகிறீர்கள். வேறெந்தக் கம்பெனி தரும்?

ஒரே ஒரு சங்கடம், காகிதங்களுக்கும் ஆயுள் உண்டு. மருத்துவச் சான்றிதழ் 2 ஆண்டுதான். தீயணைப்பு, உயிர்காப்புப் பயிற்சிகளை 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். ஏறியே பார்க்காத கப்பலிலிருந்து எப்படிக் குதிப்பது என்பது அவனுக்கு மறந்திருக்குமோ என்று அரசுக்குக் கவலை. நியாயம்தான். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி மட்டும் 2016 முதல் ஆயுளுக்கும் செல்லும் என்று ஆகிவிட்டது. பெட்டியில் அந்த மஞ்சள் புத்தகம் காலாவதி பயமில்லாமல் இருக்கிறது.

பேசாமல் என் தோணியிலேயே ஏற்றிவிடலாமா என்று விசாரித்தேன். சிரித்தார்கள். டிஎன்எஸ் படித்தவனுக்கு 18 மாதம் சீ டைம், அதாவது கப்பலில் பயிற்சி பெற்ற காலம், வேண்டும், அதுவும் அங்கீகாரம் பெற்ற பயிற்சித் திட்டப்படி, பயிற்சிப் பதிவேட்டில் ஆபீசர் கையெழுத்தோடு வேண்டும். எங்கள் தண்டலுக்கு நட்சத்திரம் பார்த்து மாலத்தீவு போகத் தெரியும், பதிவேட்டில் போடும் கையெழுத்து செல்லாது. இந்தக் கடலும் அந்தக் கடலும் ஒரே உப்புத்தான் என்று வாதாடிப் பார்த்தேன், எடுபடவில்லை. சீ டைம் இல்லாமல் ஆபீசர் பரீட்சை எழுத முடியாது. கப்பல் இல்லாமல் சீ டைம் கிடையாது. கப்பல் தங்கள் கையில்.

தங்கள் சிரமமும் எனக்குப் புரிகிறது. ஒரு சரக்குக் கப்பலில் மொத்தமே இருபது இருபத்தைந்து பேர். கேடட்டுக்கு ஒதுக்குவது ஓரிரு கேபின். லைஃப் போட்டில் இடம் எத்தனையோ அத்தனை பேரைத்தான் ஏற்றமுடியும். காலேஜுக்கு அந்தக் கணக்குக் கிடையாது, பெஞ்சு நீளமானது. சோறு போட்டு, டிக்கெட் எடுத்து, ஒரு பையனைப் பழக்கிவிட்டால் அவன் ஆபீசரானதும் பக்கத்துக் கம்பெனிக்குப் போய்விடுவான் என்ற பயமும் இருக்கும். பழகின ஆபீசர் எல்லாருக்கும் வேண்டும். பழக்குகிற வேலை மட்டும் அடுத்தவன் கப்பலில் நடக்கவேண்டும். இதில் தங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. அந்தக் கடிதத்தைக் கொடுத்ததற்குத்தான் சொல்லலாம்.

இன்னொன்று. போனமுறை தங்கள் ஆபீசுக்கு வந்திருந்தபோது மாடிப்படியில் ஒருவர் சந்தித்தார். நல்ல மனிதர். பையன் பெயரைச் சொல்லியே கூப்பிட்டார். சில லட்சம் ரொக்கமாகக் கொடுத்தால் மாதக் கடைசிக்குள் கப்பல், ரசீது கிடையாது என்றார். வேலை வாங்கித்தரக் கடல் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று அந்தக் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் சொல்கிறது, கப்பலுக்கு ஆள் சேர்க்கும் உரிமத்துக்கான நம் நாட்டு ஆர்பிஎஸ்எல் விதிகளும் சொல்கின்றன. தங்கள் வரவேற்பறைச் சுவரிலும் அப்படித்தான் போர்டு தொங்குகிறது. அவருக்கும் தங்களுக்கும் தொடர்பிருக்காது என்றே நம்புகிறேன். பையனின் பெயரும் போன் நம்பரும் அவருக்குக் கனவில் வந்திருக்கும்.

கப்பலுக்குப் பணம் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் 1906இல் கப்பல் கம்பெனி ஆரம்பித்தார், பெயர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. கொழும்புக்குக் கப்பல் விட ஊரூராகப் போய்ப் பங்கு சேர்த்தார். பங்கு ஒன்று 25 ரூபாய். அதைக் கொடுத்தவர் கம்பெனிக்கே பங்காளி ஆனார். இன்றைக்குச் சில லட்சம் கொடுத்தால் டெக்கில் துருச் சுரண்டலாம். நாடு முன்னேறியிருக்கிறது, ஏப்ரல் 5 அன்று தேசியக் கடல்சார் தினக் கூட்டத்தில் அப்படித்தான் பேசினார்கள்.

ஆகவே, ஐயா அவர்கள் கருணைகூர்ந்து ஒன்று கப்பல் தரவேண்டும். இல்லையேல், கரையில் காத்திருந்த காலத்தில் பாதியையாவது சீ டைமாகக் கணக்கிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டுத் தரவேண்டும். கடலில் கற்கும் பொறுமை, தனிமை, தலைசுற்றல் எல்லாவற்றிலும் அவன் தேறிவிட்டான்.

இப்படிக்கு,
கேடட்டின் தகப்பன்,
தூத்துக்குடி.

இணைப்பு: சான்றிதழ் நகல்கள், ஒரு கட்டு. தங்கள் கடிதத்தின் நகல், கடைசி வரியில் என் அடிக்கோட்டுடன். பணம் ஏதும் இணைக்கப்படவில்லை.