காகிதம் சுத்தம், துணி அழுக்கு

1984 அக்டோபர் 26 அன்று சிகாகோவில் ஒரு கல்லூரி மாணவருக்குத் துணைக்கு ஆள் அமையவில்லை. கையில் இரண்டு கூடைப்பந்து டிக்கெட்டுகள். கல்லூரியில் சேர்ந்த புதிது. கூட வர யாரும் இல்லை. தனியாகவே போய் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, மிஞ்சிய டிக்கெட்டைத் தூக்கி எறியாமல் வைத்துக்கொண்டார். அன்று சிகாகோ புல்ஸ் அணிக்காகத் தன் முதல் ஆட்டத்தை ஆடிய இளைஞர் 16 புள்ளிகள் எடுத்தார். பெயர் மைக்கேல் ஜோர்டான். மிஞ்சிப்போன அந்த டிக்கெட் 2022 பிப்ரவரியில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 4,68,000 டாலருக்குப் போனது. கூட வர ஆளில்லாமல் போனதற்கு இவ்வளவு பெரிய இழப்பீடு வாங்கியவர் வேறு யாரும் இருக்க வாய்ப்பில்லை.

இதே ஆட்டத்தின் இன்னொரு டிக்கெட் அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் 2,64,000 டாலருக்கு விற்றிருந்தது. ஆனால் அது கிழிந்த டிக்கெட். வாசலில் நின்றவர் தன் வேலையை ஒழுங்காகச் செய்து, பாதியைக் கிழித்துக்கொண்டு மீதியைக் கையில் கொடுத்திருந்தார். ஆட்டத்துக்குள் போன டிக்கெட்டைவிட, போகவே போகாத டிக்கெட்டுக்கு இரண்டு லட்சம் டாலர் அதிகம்.

விளையாட்டு நினைவுப் பொருட்களை ஏலத்தில் எடுப்பவர்களுக்கு இதில் ஆச்சரியமே கிடையாது. ரசிகன் எவ்வளவு மோசமான ரசிகனோ, அவன் விட்டுப்போன காகிதம் அவ்வளவு உசத்தி என்பது அவர்களுடைய பால பாடம். உற்சாகத்தில் டிக்கெட்டைக் கசக்கியவன், புரோகிராமைச் சுருட்டி விசிறிக்கொண்டவன், கோல் விழுந்ததும் அதைக் காற்றில் வீசியவன் எல்லோரும் ஏலதாரரின் பார்வையில் நாசக்காரர்கள். தூங்கிவிட்டு ஆட்டத்தைக் கோட்டைவிட்டவன்தான் பண்பாட்டைக் காத்தவன்.

இதற்கு விதிவிலக்கும் உண்டு. ஜோர்டான் டிக்கெட் விற்ற அதே ஏலத்தில், 1947 ஏப்ரல் 15 தேதியிட்ட ஒரு பேஸ்பால் டிக்கெட்டின் கிழிந்த துண்டு 4,80,000 டாலருக்குப் போய், கிழியாத ஜோர்டானை ஒரு படி கீழே இறக்கியது. புரூக்ளின் எபட்ஸ் ஃபீல்ட் மைதானத்தில் ஜாக்கி ராபின்சன் களமிறங்கி, பெரிய லீக் பேஸ்பாலின் நிறவெறித் தடையை உடைத்த நாள் அது. சரித்திரம் போதுமான அளவு கனமாக இருந்தால் பாதி டிக்கெட்டும் போதும் என்கிறது சந்தை.

காகிதத்தின் மேல் இந்த உலகம் காட்டும் கறார்தனம் தனி ரகம். டிக்கெட்டைத் தரம்பிரிக்கும் நிறுவனத்துக்கு அனுப்பினால், மாப்பிள்ளை வீட்டார் நகையை உரசிப் பார்ப்பதுபோல நாலு மூலையையும் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். பிறகு அதை யாரும் தொட முடியாது. தொடுவதற்காகத்தான் வாங்கினோம் என்று யாராவது சொன்னால் அவர் இன்னும் தேறவில்லை என்று அர்த்தம்.

இங்கிலாந்துக் கால்பந்துப் புரோகிராம்களின் கதை இதைவிடச் சுவாரசியம். ஆட்டத்தன்று மைதானத்தில் விற்கும் மெல்லிய புத்தகம் அது; அணிப் பட்டியல், நிர்வாகியின் நாலு வரி, மிச்சமெல்லாம் விளம்பரம். கடைசி நேரத்தில் ஆட்டக்காரர் மாறினால் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள்; பார்வையாளர் பென்சிலை எடுத்து, அச்சிட்ட பெயரை அடித்துவிட்டுப் புதுப் பெயரை எழுதிக்கொள்வார். ஆட்டம் முடிந்ததும் கோல் கணக்கையும் எழுதுவார். ஐம்பது ஆண்டு கழித்து ஏலப் பட்டியலில் இதெல்லாம் “எழுத்துக் கறை” ஆகிவிடும். துருவேறிய ஸ்டேபிள் பின், நடுவில் மடிப்பு, பேரன் ஒட்டிய செல்லோடேப் எல்லாமே விலையைக் குறைக்கும் குற்றங்கள்.

மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர்கள் செய்தது இதைவிடப் பெரிய குற்றம். அந்தக் கிளப் ஒரு காலத்தில் தன் புரோகிராமில் ஒரு டோக்கன் அச்சிட்டு வந்தது. அதைக் கத்தரித்துத் தாளில் ஒட்டிச் சேர்த்தால்தான் முக்கியமான கோப்பை ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைப்பதில் முன்னுரிமை. விசுவாசமான ரசிகர்கள் விசுவாசமாகக் கத்தரித்தார்கள். இன்றைக்கு அந்தப் புரோகிராம்களில் டோக்கன் இருந்த இடத்தில் சதுர ஓட்டை, விலையிலும் ஓட்டை. இறுதியாட்டம் பார்க்க வெம்ப்ளிக்குப் போகும் எண்ணமே இல்லாதவரின் வீட்டுப் பரண்தான் இப்போது பொக்கிஷம்.

அதே கிளப்பின் இரண்டு புரோகிராம்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் எந்த ஏலதாரரும் குரலைத் தாழ்த்திக்கொள்வார். 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் அணி சிதைந்தது. பிப்ரவரி 8 அன்று வோல்வர்ஹாம்டன் அணியோடு நடக்க இருந்த ஆட்டத்துக்குப் புரோகிராம் ஏற்கெனவே அச்சாகியிருந்தது. பெரும்பாலானவற்றை அழித்துவிட்டார்கள், தப்பிய சில பிரதிகளுக்கு ஆயிரக்கணக்கான பவுண்டு. விபத்து நடந்து 13 நாள் கழித்து ஷெஃபீல்டு வென்ஸ்டே அணியோடு ஆடியபோது, யுனைடெட் பக்கம் 11 பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கோடுகளோடு புரோகிராம் வந்தது. யார் ஆடுவார்கள் என்று அச்சகத்துக்கும் தெரியாது, கிளப்புக்கும் தெரியாது. மைதானத்தில் அறிவிக்க அறிவிக்க ரசிகர்கள் எழுதிக்கொண்டார்கள். சந்தை இங்கேயும் எழுதாத பிரதியைத்தான் தேடுகிறது. இந்த ஒரு விஷயத்தில் சந்தைக்கு மூளை குழம்பிவிட்டது என்றே சொல்ல வேண்டும். குளிரில் நின்றுகொண்டு, முன்பின் கேட்டிராத பெயர்களை ஒருவர் பென்சிலால் நிரப்பிய பிரதியைவிட வெற்றுப் பிரதி எந்த வகையில் மேல்?

இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை இறுதியாட்டப் புரோகிராம்களில் எஞ்சியவற்றுள் மிகப் பழையது 1882-ஐச் சேர்ந்தது. ஓல்ட் ஈட்டோனியன்ஸ் 1–0 என்று பிளாக்பர்ன் ரோவர்ஸை வென்ற ஆட்டம். 2013-ல் சதபீஸ் ஏலத்தில் 35,250 பவுண்டு. பணக்காரப் பள்ளியின் பழைய மாணவர்கள் மில் தொழிலாளர் ஊரின் அணியைத் தோற்கடித்த காகிதத்தையும் பணக்காரர்தான் வாங்க முடியும்.

காகிதத்தை விட்டுத் துணிக்கு வந்தால் சாஸ்திரம் தலைகீழாகிறது. டிக்கெட்டில் விரல் ரேகைகூடப் படக் கூடாது என்று கண்டிப்புக் காட்டிய அதே மனிதர், பனியனில் வியர்வைக் கறை இருக்கிறதா, புல்லின் பச்சை ஒட்டியிருக்கிறதா என்று பூதக்கண்ணாடி வைத்துத் தேடுவார். துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்த நல்ல மனைவிமார்கள் எத்தனை லட்சங்களைச் சோப்பு நுரையில் விட்டார்களோ!

1986 ஜூன் 22, மெக்சிகோ நகரம், உலகக் கோப்பைக் காலிறுதி. அர்ஜென்டினா பயிற்சியாளர் பிலார்டோவுக்கு அந்த உயர்ந்த இடத்து வெயிலில் கனமான நீலப் பனியன் சரிப்படவில்லை. ஆள் அனுப்பி ஊர்க் கடையில் லேசான பனியன்களை வாங்கிவரச் செய்தார்கள். சின்னத்தை அவசரமாகத் தைத்து, மினுமினுக்கும் வெள்ளி எண்களைச் சூடாக்கி ஒட்டினார்கள். கடைச் சரக்கான அந்தப் பனியனில்தான் மரடோனா கையால் ஒரு கோலும், பாதி மைதானத்தை ஓடிக் கடந்து இன்னொரு கோலும் போட்டார். ஆட்டம் முடிந்து இங்கிலாந்தின் ஸ்டீவ் ஹாட்ஜ் அதை மாற்றி வாங்கிக்கொண்டார். கையால் போட்ட கோலுக்குப் பந்தை மேலே தூக்கிவிட்ட தவறான உதை அவருடையதுதான் என்பதையும் மறந்துவிடக் கூடாது. 2022 மே மாதம் சதபீஸில் அந்தப் பனியன் 71 லட்சம் பவுண்டுக்கு மேல் போனது.

விற்பதற்கு முன்பே சண்டை. அது முதல் பாதியில் போட்ட பனியன், கோல் போட்டது வேறு என்றது மரடோனா குடும்பம். ஏல நிறுவனம் பழைய புகைப்படங்களை எடுத்துவைத்து, எண்ணும் சின்னமும் ஒட்டியிருக்கும் விதத்தைப் பனியனோடு பொருத்திக் காட்டி, இதுதான் அது என்றது. அவசரத்தில் கோணல்மாணலாகத் தைத்தவர்களுக்கு நன்றி. கை சுத்தமாக இருந்திருந்தால் எந்தப் பனியன் எது என்று யாரால் சொல்ல முடியும்?

இதோடு முடியவில்லை. கையால் அடித்ததைக் கவனிக்காமல் கோல் கொடுத்த துனிசிய நடுவர் அலி பின் நாசர், அந்தப் பந்தைத் தானே வைத்திருந்தார். அதே 2022 நவம்பரில் அதை ஏலத்துக்கு விட்டு, 20 லட்சம் பவுண்டு பார்த்தார். தப்பாக உதைத்தவருக்குப் பனியன். தப்பைப் பார்க்காதவருக்குப் பந்து. நடந்ததைக் கண்ணால் கண்டு கூச்சலிட்ட கோல்கீப்பர் ஷில்டனுக்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை.

கிரிக்கெட்டில் துணிக்கு ராஜா ஆஸ்திரேலியாவின் பச்சைத் தொப்பி. 2020 ஜனவரியில் ஷேன் வார்ன் தன்னுடையதைக் காட்டுத்தீ நிவாரணத்துக்காக ஏலம் விட்டபோது 10,07,500 ஆஸ்திரேலிய டாலர் சேர்ந்தது. பிராட்மன் 1947–48-ல் இந்தியாவுக்கு எதிராக அணிந்த தொப்பி 2024 டிசம்பரில் சிட்னியில் ஏலத்துக்கு வந்தது. வெயிலில் வெளுத்து, பூச்சி அரித்து, முன்விளிம்பு கிழிந்திருந்தது. வீட்டில் இருந்திருந்தால் தரை துடைக்கப் போயிருக்கும். ஏலத்தில் 3,90,000 டாலருக்குச் சுத்தியல் விழுந்தது. கட்டணம் சேர்த்து வாங்கியவர் எழுதிய காசோலை 4,79,700.

இந்தக் கட்டணம்தான் புதிதாக ஏலத்துக்குப் போகிறவர் கண்ணில் கடைசியாகப் படும் விஷயம். ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் என்று முடிந்ததும் கைகுலுக்குவார்கள். அதற்குப் பிறகு பில் வரும். சுத்தியல் விலைக்கு மேல் நூற்றுக்கு இருபதோ அதற்கும் மேலோ “வாங்குபவர் கட்டணம்”. விற்பவரிடமும் தனியாகக் கமிஷன் உண்டு. பூச்சி அரித்த தொப்பியை அரிக்காமல் தின்னும் வித்தை அது.

சாட்சி இல்லாத பொருளுக்கு மதிப்பில்லை என்பதால் பொய்ச் சாட்சியும் இந்தத் தொழிலில் தாராளம். 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. போலிக் கையெழுத்துக் கும்பல் ஒன்றைப் பிடித்தபோது சிக்கிய பேஸ்பால் பந்துகளில் அன்னை தெரசாவின் கையெழுத்தும் இருந்தது. கொல்கத்தாவில் அவர் எப்போது பேட்டிங் செய்தார் என்று வாங்க வந்தவர்கள் கேட்டிருக்கலாம்.

ஒன்றும் தெரியாத ரசிகன்தான் ஏமாறுகிறான் என்று நினைக்க வேண்டாம். அன்றைய உலகக் கோப்பையான ஜூல் ரிமே கோப்பை 1966-ல் லண்டனில் ஒரு தபால்தலைக் கண்காட்சியில் திருடுபோனது. பிக்கிள்ஸ் என்ற நாய் அதைக் கண்டுபிடித்தது. பயந்துபோன ஆங்கிலேயர்கள் காட்சிக்கு வைக்க ஒரு நகல் செய்துகொண்டார்கள். அசல் பிறகு பிரேசிலுக்கு நிரந்தரமாகப் போய், 1983-ல் ரியோவில் மறுபடி திருடுபோனது. பெட்டியின் முன்பக்கம் குண்டு துளைக்காத கண்ணாடி, பின்பக்கம் மரம். திருடர்கள் பின்பக்கமாக வந்தார்கள். 1997-ல் அந்த ஆங்கில நகல் சதபீஸில் ஏலத்துக்கு வந்தது. விற்பவர்கள் எதிர்பார்த்த குறைந்தபட்ச விலை 20,000 முதல் 30,000 பவுண்டு. ஒருவேளை இதுவே அசலாக இருக்குமோ என்ற ஆசை பரவ, விலை 2,54,500-ல் போய் நின்றது. வாங்கியது உலகக் கால்பந்தின் தலைமையகமான ஃபிஃபா. சோதித்துப் பார்த்ததில் அது நகலேதான்.

கேரி சோபர்ஸ் 1968-ல் ஸ்வான்சியில் ஒரே ஓவரில் ஆறு சிக்ஸர் அடித்த பந்து என்று சொல்லி ஒரு பந்து 2006-ல் கிறிஸ்டீஸில் 26,400 பவுண்டுக்கு விற்றது. விற்ற பந்து டியூக் கம்பெனித் தயாரிப்பு. அந்த ஓவரை வீசிய மால்கம் நாஷ் தன் கையில் இருந்தது சர்ரிட்ஜ் பந்து என்றார். ஆறு முறை அடி வாங்கியவருக்கு அந்தப் பந்தின் முகம் மறக்குமா?

இதற்கு நடுவே காகித டிக்கெட்டே அழிந்து வருகிறது. இப்போது பல மைதானங்களில் டிக்கெட் என்பது கைப்பேசித் திரையில் தெரியும் கறுப்பு வெள்ளைக் கட்டம். கிழிப்பதற்கும் ஒன்றுமில்லை, கிழிக்காமல் வைப்பதற்கும் ஒன்றுமில்லை. நிலைமையைப் புரிந்துகொண்ட அணிகள் ஆட்டம் முடிந்த பிறகு நினைவு டிக்கெட் என்று அழகாக அச்சிட்டுத் தனியாக விற்கின்றன. எந்த வாசலிலும் யாரும் காட்டாத, எதற்கும் அனுமதி தராத டிக்கெட். சேகரிப்பாளருக்குப் பிடித்த எல்லா லட்சணமும் அதில் உண்டு. ஆனால் வேண்டுமளவு கிடைப்பதால் அவருக்கு அது வேண்டாம்.

வாங்குவது பாதுகாக்கத்தான் என்ற எண்ணத்தையும் ஒரு சிகாகோ உணவகம் தகர்த்தது. 2003 அக்டோபரில், 1908-க்குப் பிறகு பட்டமே வெல்லாத கப்ஸ் பேஸ்பால் அணி இறுதிச்சுற்றுக்கு ஐந்து அவுட் தூரத்தில் இருந்தபோது, கேலரியில் இருந்த ஒரு ரசிகரின் கை பட்டுப் பந்து தவறியது. அணி அடுத்தடுத்துத் தோற்று வெளியேறியது. ஹாரி கேரே உணவகக் குழுமம் அந்தப் பந்தை ஏலத்தில் 1,13,824 டாலர் கொடுத்து எடுத்து, 2004 பிப்ரவரியில் ஹாலிவுட் சிறப்பு விளைவு நிபுணரை அழைத்து, கூட்டம் பார்க்க வெடிவைத்துத் தகர்த்தது. தரித்திரம் அதோடு போகும் என்று நம்பினார்கள். போகவில்லை. மறு ஆண்டு அந்தப் பந்தின் மிச்சத்தைக் கொதிக்கவைத்து, ஆவியைப் பிடித்து, பாஸ்டா சாஸில் கலந்து வாடிக்கையாளர்களுக்குப் பரிமாறினார்கள். கப்ஸ் 2016-ல் பட்டம் வென்றது. சாஸ் வேலை செய்ய 11 ஆண்டு ஆனது என்று வைத்துக்கொள்ளலாம்.